கோட்டைக்குப் பத்து வருடம், கடைவீதிக்கு நானூறு வருடம்: ஓமி-ஹாச்சிமான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓமி-ஹாச்சிமான் எங்கே இருக்கிறது?

ஜப்பானின் நடுப்பகுதியில், ஷிகா மாகாணத்தில், பிவா ஏரியின் கிழக்குக் கரையில். சுமார் 670 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பிவாதான் ஜப்பானின் மிகப் பெரிய ஏரி. கியோத்தோவிலிருந்து விரைவு ரயில் பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இன்று சுமார் 80,000 பேர் வசிக்கும் சின்ன நகரம். ஓமி என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர்.

ஊரை உருவாக்கியது யார்?

தொயோதொமி ஹிதெட்சுகு. 1585-ல், பதினெட்டு வயதில், இந்தப் பகுதிக்குத் தலைவனாக நியமிக்கப்பட்டவர். அப்போது ஜப்பானைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த ஹிதேயோஷிக்கு இவர் அக்கா மகன். பதினெட்டு வயதுப் பையனுக்கு நகரம் கட்டும் அனுபவம் எங்கிருந்து வரும்? அதனால் தனாகா யோஷிமாசா போன்ற அனுபவசாலிகளைக் கூடவே அனுப்பினார் ஹிதேயோஷி. அன்றாட நிர்வாகம் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஹிதெட்சுகுவுக்கும் அவருடைய மூத்த அதிகாரிகளுக்குமாகச் சேர்த்து 4,30,000 கொக்கு விளையும் நிலம் கொடுக்கப்பட்டது. ஒரு கொக்கு என்பது ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்குப் போதுமான அரிசி என்று கணக்கு. சுமார் 150 கிலோ.

ஆனால் ஊரின் கதை அவரிடமிருந்து தொடங்கவில்லை. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அசுச்சியிலிருந்து தொடங்குகிறது.

அசுச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஹிதேயோஷியின் எஜமானர் ஒதா நோபுநாகா. அவர் 1576-ல் அசுச்சி மலையில் கோட்டை கட்டத் தொடங்கி, அடிவாரத்தில் ஒரு கடைவீதி நகரத்தையும் எழுப்பினார். அடுத்த வருடமே அந்த ஊருக்கு 13 விதிகள் கொண்ட ஒரு சாசனம் போட்டார். அதுவரை ஜப்பானில் பல சரக்குகளை விற்கும் உரிமை, கோயில்களின் ஆதரவு பெற்ற வணிகக் குழுக்கள் கையில் இருந்தது. குழுவில் இல்லாதவன் கடை போட முடியாது. அசுச்சியில் அந்தத் தனியுரிமை செல்லாது, யார் வேண்டுமானாலும் வந்து விற்கலாம் என்றார் நோபுநாகா. வெளியூரிலிருந்து குடிவந்தவனுக்கும் பழைய குடிக்கும் வித்தியாசம் கிடையாது என்றும் சொன்னார்.

அதே சாசனத்தில் இன்னொரு விதியும் உண்டு. நாடு முழுக்கக் கடன் தள்ளுபடி ஆணை வந்தாலும் இந்த ஊரில் அது செல்லாது. கடன் வாங்கியவனுக்கு இது பாதகமாகத் தெரியலாம். ஆனால் கொடுத்த பணம் ஒரு அரசாணையால் ஒரே ராத்திரியில் காணாமல் போகாது என்று தெரிந்தால்தான் வியாபாரி துணிந்து கடனுக்குச் சரக்கு கொடுப்பான். நோபுநாகாவின் போர்களைப் பற்றி எழுதுபவர்கள் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு எப்போதும் வருத்தம்.

1582-ல் நோபுநாகா தன் தளபதியாலேயே வஞ்சிக்கப்பட்டு கியோத்தோவில் இறந்தார். சில நாட்களில் அசுச்சிக் கோட்டையும் எரிந்தது. மூன்று வருடம் கழித்து ஹிதெட்சுகு வந்தபோது, அங்கிருந்த வியாபாரிகளையும் கைவினைஞர்களையும் புதிய ஊருக்கு அழைத்துக் குடியமர்த்தினார். 1586-ல் அவர் போட்ட சாசனத்திலும் 13 விதிகள். பெரும்பாலும் அசுச்சி விதிகளையே ஒட்டியவை. அசுச்சி மறுபடி தலையெடுக்கவில்லை. 2010-ல் அது நிர்வாக ரீதியாகவே ஓமி-ஹாச்சிமான் நகரத்தோடு சேர்ந்துவிட்டது.

கோட்டை கட்ட இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

ஹாச்சிமான் மலை 300 மீட்டருக்கும் குறைவான உயரம்தான், ஆனால் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிறது. மேலே ஏறினால் ஏரி, சதுப்பு, நெல்வயல், கியோத்தோவுக்குப் போகும் பாதை எல்லாம் கண்ணுக்கு எட்டும். கிழக்கே தொகுகாவா இயெயாசு என்ற போட்டிப் பிரபு வலுவாக இருந்தார். அவர் தலைநகர்ப் பக்கம் திரும்பினால் வழியில் தடுக்க நம்பகமான ஆள் வேண்டும் என்பது ஹிதேயோஷியின் கணக்கு.

மலையடிவாரத்தில் வெட்டிய கால்வாய்தான் இந்த ஊரின் உயிர். ஹாச்சிமான்-போரி என்று பெயர். சுமார் 15 மீட்டர் அகலம். கோட்டைக்கு அது அகழி. அதே சமயம் இரண்டு பக்கமும் பிவா ஏரியோடு இணைக்கப்பட்டிருந்ததால் சரக்குப் படகுகள் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். ஏரியில் போகும் படகுகள் ஹாச்சிமானில் நின்றுதான் போக வேண்டும் என்று ஹிதெட்சுகு உத்தரவும் போட்டார். வடக்கே ஜப்பான் கடல் பக்கத்திலிருந்து கியோத்தோவுக்கும் ஒசாகாவுக்கும் வரும் சரக்கில் பெரும்பகுதி அப்போது இந்த ஏரி வழியாகத்தான் வந்தது. அந்த ஓட்டம் முழுவதையும் தன் படித்துறையில் நிறுத்திப் பார்க்கும் ஏற்பாடு இது.

ஊர் அமைப்பில் என்ன விசேஷம்?

நேர்கோட்டுத் தெருக்கள். மலையிலிருந்து இறங்கி வரும் பன்னிரண்டு தெருக்கள், அவற்றைக் குறுக்கே வெட்டும் நான்கு. பொதுவாகக் கோட்டை நகரங்களில் எதிரி திணறட்டும் என்று தெருக்களை வளைத்தும் முட்டவிட்டும் போடுவார்கள். இங்கே வண்டி நேராகப் போய்வர வேண்டும் என்பதே முக்கியமாக இருந்திருக்கிறது. கொல்லர் தெரு, தச்சர் தெரு, மீன்கடைத் தெரு, குதிரைத் தரகர் தெரு என்று தொழில் பெயர்கள் இன்னும் வழக்கில் இருக்கின்றன.

வீடுகளின் கொல்லைப்புறம் ஒன்றோடொன்று முதுகு ஒட்டும் இடத்தில் கழிவுநீர் வாய்க்கால் ஓடுகிறது. இரண்டு தெருக்களுக்கும் எல்லைக்கோடும் அதுதான், சாக்கடையும் அதுதான். நானூறு வருடத்துக்கு முந்தைய வேலை. பல இடங்களில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது.

ஹிதெட்சுகுவும் கோட்டையும் என்ன ஆனார்கள்?

1590-ல் ஹிதெட்சுகு வேறு பிரதேசத்துக்கு மாற்றப்பட்டார். ஹாச்சிமான் கியோகொகு தகட்சுகு என்பவர் கைக்குப் போனது. 1591-ல் ஹிதேயோஷி தன் வாரிசாக ஹிதெட்சுகுவை அறிவித்து, பேரரசரின் பெயரால் ஆளும் கம்பாக்கு பதவியையும் கொடுத்தார். இரண்டே வருடத்தில் ஹிதேயோஷிக்குச் சொந்தமாக ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு அக்கா மகன் தேவைப்படவில்லை. 1595-ல் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, கோயா மலையில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி ஆனது. அவருடைய மனைவியர், குழந்தைகள், பணிப்பெண்கள் என முப்பதுக்கும் மேற்பட்டவர்களை கியோத்தோ ஆற்றங்கரையில் வைத்து வெட்டினார்கள்.

ஹாச்சிமான் கோட்டையும் அதே வருடம் கைவிடப்பட்டது. பத்தே வருடம். மகனைப் பறிகொடுத்த தாய் நிஷ்ஷு துறவியாகி, கியோத்தோவில் ஸுயிர்யூ-ஜி என்ற கோயிலைக் கட்டினார். 1960-களில் அந்தக் கோயிலை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து ஹாச்சிமான் மலை உச்சியில், மகன் கோட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்கள். கோட்டைக்கென்று மிஞ்சியிருப்பவை கருங்கல் மதில்கள் மட்டும்.

ஹிதெட்சுகுவைக் கொடுங்கோலன் என்று சித்தரித்த கதைகள் நிறைய. அவற்றில் பல, அவர் செத்த பிறகு அந்தக் கொலைகளுக்கு நியாயம் கற்பிக்க உருவானவை என்றே நினைக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் அவரை ஊரைத் தந்தவராகத்தான் நினைக்கிறார்கள். மலையடிவாரப் பூங்காவில் சிலையும் உண்டு.

கோட்டை போன பிறகு ஊர் ஏன் சாகவில்லை?

இந்த ஊரைப் பற்றிக் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். கோட்டை நகரத்தில் வியாபாரம் என்றால் பெரும்பாலும் சாமுராய்களுக்கு விற்பது. அவர்கள் வாங்கும் அரிசி, துணி, வாள், குதிரைச் சேணம். கோட்டை மூடினால் வாடிக்கையாளர் அத்தனை பேரும் ஒரே நாளில் கிளம்பிவிடுவார்கள். அப்படி வயலாகிப் போன ஊர்கள் ஜப்பானில் உண்டு. அசுச்சியே அதற்கு உதாரணம்.

ஹாச்சிமானில் கால்வாய் இருந்தது, தெரு இருந்தது, கடைகள் இருந்தன. வாங்க ஆள் இல்லை. சரி, வாங்குபவன் வராவிட்டால் நாம் போவோம் என்று வியாபாரிகள் தோளில் காவடித்தண்டை வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். நேரமும் தோதாக அமைந்தது. 1603-ல் தொகுகாவா ஆட்சி எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், அமைந்தது. புது நகரம், வேகமாக வளரும் ஜனத்தொகை, எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. எடோவின் நிஹோன்பாஷி பாலத்தருகே கடை திறந்த முதல் வெளியூர்க்காரர்களில் ஹாச்சிமான்காரர்கள் இருந்தார்கள். தலைவன் இல்லாததால் அவர்களைப் பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. மற்ற கோட்டை நகரங்களின் வியாபாரிகள் சொந்தப் பிரபுவின் தயவில் சௌகரியமாக இருந்த காலத்தில், இவர்களுக்கு அந்தச் சௌகரியம் பறிபோனதே வழி திறந்துவிட்டது என்பது என் கணிப்பு.

ஓமி வியாபாரிகள் என்றால் ஹாச்சிமான்காரர்கள்தானா?

இல்லை. ஹாச்சிமான், ஹினோ, கொகாஷோ என்ற மூன்று ஊர்களும் சுற்றுவட்டாரமும் சேர்ந்ததுதான் ஓமி வியாபாரிகள் என்ற பெயர். ஹாச்சிமான்காரர்கள் முந்தியவர்கள், பெரிய நகரங்களில் பெரிய கடை போடுவது அவர்கள் வழி. ஹினோக்காரர்கள் மருந்து, மரக்கிண்ணம் என்று சிறு ஊர்களில் நிறைய சின்னக் கடைகள் வைத்தார்கள். கொகாஷோ பின்னால் வந்தது, துணி வியாபாரம்.

என்ன விற்றார்கள்?

தத்தாமி என்ற தரைப்பாயின் மேல்விரிப்பு, சணல் துணி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொசுவலை.

கொசுவலை கதை சுவையானது. நிஷிகாவா குடும்பம் 1566-ல் வியாபாரத்தைத் தொடங்கி 1615-ல் எடோவில் கடை திறந்தது. அப்போது கொசுவலைக்குச் சாயம் கிடையாது; சணலின் மங்கிய பழுப்பு நிறம்தான். வியாபாரம் மந்தம். குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை வியாபாரி ஹகோனே மலைப்பாதையில் நடந்து களைத்து ஒரு மரத்தடியில் கண் அயர்ந்தாராம். சுற்றிலும் இளம்பச்சைக் கொடி படர்ந்ததுபோல் கனவு கண்டாராம். ஊர் திரும்பி, வலைக்குத் துளிர்ப்பச்சைச் சாயம் ஏற்றி, ஓரத்துக்குச் சிவப்புத் துணி பிடித்தார். கனவு உண்மையோ இல்லையோ, அது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. பச்சை வலையும் சிவப்புக் கரையும் மட்டும் நிஜம். எடோ முழுக்க அது பிடித்துக்கொண்டது. நல்ல குரல் உள்ள ஆட்களாகப் பொறுக்கி, கூவுவதற்குப் பழக்கி, தெருவுக்கு அனுப்பினார்கள். கோடை வந்துவிட்டது என்பதை எடோக்காரர்கள் கொசுவலைக்காரனின் இழுத்துப் பாடும் குரலில்தான் தெரிந்துகொண்டார்கள். பழைய வண்ண அச்சுப் படங்களில் அந்தப் பச்சை வலைக்குள் படுத்திருக்கும் பெண்களை இன்றும் பார்க்கலாம். நிஷிகாவா நிறுவனம் இப்போது மெத்தை, போர்வை விற்கிறது.

இன்னொரு நுட்பம் போகும்போதும் விற்பது, வரும்போதும் விற்பது. ஊரிலிருந்து வலையும் பாயும் சுமந்து போனவன் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். வடக்கே கிடைக்கும் பட்டு, சிவப்புச் சாயப்பூ, சணல் என்று வாங்கிவந்து மேற்கே விற்பான்.

குடும்பம் எங்கே இருந்தது?

கடை எடோவில், ஒசாகாவில். வீடும் தலைமைக் கணக்கும் ஹாச்சிமானில். முதலாளி வருடத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். கடைகளுக்கு வேலையாட்களைப் பெரும்பாலும் ஓமியிலிருந்தே எடுத்தார்கள், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களாக. அந்தப் பையன்களை வைத்துப் பார்த்து, எழுத்தும் கணக்கும் பணிவும் சொல்லிக்கொடுத்து, யார் தேறுவான் என்று முடிவு செய்வதில் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய பங்கு. வியாபார வரலாறு எழுதுபவர்கள் இதற்கு ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதுதான் அந்த வியாபாரத்தின் பாதி.

கடைக்குப் போன பையனுக்குப் பல வருடம் கழித்துத்தான் முதல் தடவையாக ஊருக்கு வர விடுமுறை. தேறாதவனை அப்படியே வீட்டோடு நிறுத்திவிடுவதும் உண்டு. தேறியவன் படிப்படியாக உயர்ந்து தலைமை மேலாளர் ஆகலாம். நிஷிகாவா கடையில் 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே லாபத்தில் மூன்றில் ஒரு பங்கை வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது.

‘மூவருக்கும் நன்மை’ என்ற கொள்கை இவர்களுடையதா?

விற்பவனுக்கும் நல்லது, வாங்குபவனுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ஜப்பானில் சன்போ-யோஷி என்பார்கள். இன்று பல நிறுவனங்களின் அறிக்கையில் இதைப் பார்க்கலாம். கருத்து பழையது: கொகாஷோ பக்கத்து வியாபாரி நகமுரா ஜிஹெய் 1754-ல் தன் வாரிசுக்கு எழுதிய அறிவுரையில், வெளியூர் போனால் நம் லாபத்தை மட்டும் பார்க்காதே, அந்த ஊர் ஜனங்களுக்கு நல்லதா என்று பார் என்கிறார். ஆனால் மூன்றையும் சேர்த்த அந்தச் சுருக்கமான தொடர் 20-ம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் அமைத்தது.

கொள்கை நல்லதுதான். ஆனால் வடக்குத் தீவின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை. இன்றைய ஹொக்காய்தோவில், மட்சுமாயே பிரபுவிடம் குத்தகை எடுத்து மீன்பிடித் தலங்களை நடத்திய ஓமி வியாபாரிகள் பலர். ஹாச்சிமானின் ஒகாதா, நிஷிகாவா குடும்பங்களும் அதில் உண்டு. ஹெர்ரிங் மீனைக் காய்ச்சிப் பிழிந்த சக்கை, மேற்கு ஜப்பானின் பருத்தி வயல்களுக்கு உரமாகப் போனது. பெரும் லாபம். அந்தக் குத்தகைத் தலங்களில் மண்ணின் மக்களான ஐனுக்கள் கடுமையாக வேலை வாங்கப்பட்டார்கள், குடும்பங்கள் சிதறின. அங்கே ‘ஊருக்கு நன்மை’ என்ற மூன்றாவது பங்கு போய்ச் சேரவில்லை.

வெளிநாடு போனவர்கள் உண்டா?

நிஷிமுரா தாரோவெமோன் என்று ஒருவர். ஹாச்சிமான் வியாபாரிக் குடும்பத்துப் பிள்ளை. 1620-களில், அரசின் சிவப்பு முத்திரை அனுமதி பெற்ற கப்பலில் அன்னாமுக்கு, அதாவது இன்றைய வியட்நாமுக்குப் போனார். அங்கே வியாபாரத்தில் நன்றாகவே வளர்ந்தார். இடையில் ஜப்பான் கதவை அடைத்துக்கொண்டது: 1635 முதல் வெளிநாட்டில் இருக்கும் ஜப்பானியர் திரும்பி வந்தால் மரண தண்டனை. 1647-ல் அவர் நாகசாகி வரை கப்பலில் வந்துவிட்டார். கரையில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. அங்கிருந்தபடியே ஒரு ஓவியரிடம் தன் கப்பலைப் பலகையில் வரையச் சொல்லி, ஊர்க் கோயிலான ஹிமுரே ஹாச்சிமானுக்குக் காணிக்கையாக அனுப்பிவைத்தார். பிறகு அன்னாமுக்கே திரும்பிப் போய் அங்கேயே இறந்தார்.

அந்தப் பலகை இன்றும் இருக்கிறது, நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக. ஊர் அருங்காட்சியகம் இருப்பது அவருடைய குடும்ப வீடு நின்ற இடத்தில்.

செல்வாக்கு எப்போது குறைந்தது?

19-ம் நூற்றாண்டின் கடைசியில். 1889-ல் ரயில் வந்தது. நிலையம் பழைய ஊரிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி அமைந்தது. ஏரிப் படகுகளுக்கு வேலை போனது. பெரிய குடும்பங்கள் தோக்கியோவிலும் ஒசாகாவிலும் நிலைத்துவிட்டன. 1706-ல் கட்டிய நிஷிகாவா ரியெமோன் வீடு இன்று பார்வைக்குத் திறந்திருக்கிறது. அந்தக் கிளை வாரிசின்றி 1930-ல் முடிந்துபோனது.

ஊரில் மேற்கத்திய பாணிக் கட்டடங்கள் எப்படி?

வில்லியம் மெரல் வோரிஸ் என்ற அமெரிக்கர். 1905-ல் இங்கிருந்த வணிகப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். மாணவர்களிடம் கிறிஸ்தவம் பேசியதால் இரண்டு வருடத்தில் வேலை போனது. ஊரை விட்டுப் போகாமல் கட்டட வடிவமைப்பில் இறங்கினார். மெந்தோலேட்டம் களிம்பை ஜப்பானில் விற்றார். பள்ளி, மருத்துவமனை நடத்தினார். 1941-ல் ஜப்பானியக் குடிமகனானார். முதல் கௌரவக் குடிமகன் என்ற பட்டத்தை ஊர் அவருக்குத்தான் கொடுத்தது.

கால்வாயை மூடப் பார்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. போருக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்றது. சேறு படிந்தது, வீட்டுக் கழிவு சேர்ந்தது, நாற்றம், கொசு. கொசுவலை விற்றுப் பிழைத்த ஊரிலேயே கொசுத்தொல்லைக்காகக் கால்வாயை மூட வேண்டும் என்று குடியிருப்பவர்கள் மனு கொடுக்கும் நிலை. மண் போட்டு நிரப்பும் திட்டத்துக்கு நிதியும் வந்துவிட்டது.

1970-களின் தொடக்கத்தில் உள்ளூர் இளம் தொழில்முனைவோர் சங்கம் எதிர்த்து நின்றது. ‘நிரப்பிய கணத்திலிருந்தே வருத்தம் தொடங்கும்’ என்பது அவர்கள் முழக்கம். வெறும் மனுவோடு நிற்காமல் தாங்களே இறங்கிச் சேறு அள்ளினார்கள். வேலையற்ற வேலை என்று முதலில் ஏசியவர்கள் பலர். மெல்ல மெல்லக் கை கொடுக்க ஆள் வந்தது. 1975-ல் மாகாண அரசு திட்டத்தைக் கைவிட்டு, ஒதுக்கிய பணத்தைத் திருப்பி அனுப்பியது. 1991-ல் கால்வாயும் பழைய தெருக்களும் தேசியப் பாதுகாப்புப் பகுதியாயின. 2006-ல் பக்கத்து நாணல் சதுப்புநிலம், ‘முக்கியப் பண்பாட்டு நிலக்காட்சி’ என்ற தகுதியை ஜப்பானிலேயே முதலாவதாகப் பெற்றது. இன்று சரித்திரப் படப்பிடிப்புகளுக்கு ஜப்பானில் தேடி வரும் இடங்களில் இந்தக் கால்வாய்க்கரை முக்கியமானது.

போனால் எதைப் பார்க்க வேண்டும், எப்போது போகலாம்?

நிலையத்திலிருந்து பேருந்து பிடித்து முதலில் மலைக்குப் போங்கள். கம்பிவட வண்டி இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெருக்கட்டம் முழுவதும் தெரியும். பிறகு இறங்கி நடக்கும்போது ஊர் எளிதாகப் புரியும். அடுத்து கால்வாய்க்கரை, ஹிமுரே கோயில், ஷின்மாச்சி தெருவின் வியாபாரி வீடுகள். மதில்மேல் எட்டிப் பார்க்கும் பைன் மரங்களுக்கு அடியில் அந்த வீடுகள் வெளியே எளிமையாகவே இருக்கும்; உள்ளேதான் தாராளம். மாலையில் நேரமிருந்தால் நாணல் வழியே துடுப்புப் படகு.

சாப்பிட, இரும்புச்சத்தால் செங்கல் நிறம் ஏறிய கொன்யாக்கு என்ற கிழங்குக் களி, மூங்கில் மடலில் மடித்து வேகவைத்த தெச்சி-யோகான் என்ற பயறு இனிப்பு. தெச்சி என்றால் கடைப் பையன். கையில் காசில்லாத அந்தப் பையன்களும் ஊர் வந்து போகும்போது வாங்கக்கூடிய மலிவான பண்டம்.

திருவிழாவுக்குப் போவதானால் மார்ச் நடுவில் வரும் சாகிச்சோ. வைக்கோல் தேரில் அந்த வருடத்து ராசி விலங்கை முழுக்கப் பருப்பு, விதை, உலர்மீன், கடற்பாசி கொண்டே செய்து ஒட்டுவார்கள். ஆண்கள் முகப்பூச்சு பூசிக்கொண்டு தேரைத் தூக்கி ஒன்றோடொன்று மோதவிடுவார்கள். இரண்டாம் நாள் இரவு தேர்களைக் கொளுத்திவிடுவார்கள். அசுச்சியில் நோபுநாகாவே வேடம் போட்டு ஆடிய விழா என்று சொல்வார்கள். அந்த இரண்டு நாளும் ஊரில் தங்க இடம் கிடைப்பது கடினம். கியோத்தோவில் தங்கி வந்துபோவது நல்லது.